பிடிமண்

"சாமி முக்கியமா, பேத்தி முக்கியமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா!"

சந்தனமாரி கேட்டு முடிப்பதற்குள் இசக்கிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

பத்து நாளாக அந்த வீட்டில் இதே கதைதான். மகள் கத்துவாள், அப்பா கிளம்பிவிடுவார்.

குத்துக்கல்வலசைக்கு மேற்கே, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை ஒன்று இருந்தது. முதலாளி பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டான். விஷம் மட்டும் மண்ணோடு தங்கிவிட்டது. இப்போதுதான் அரசாங்கம் மனசு வைத்து, மூன்றடி மண்ணைச் சுரண்டி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிறது. நல்ல மண் கொட்டி, அங்கன்வாடி கட்டப் போகிறார்களாம்.

அதற்காகத் தென்காசிக்கு நடையாய் நடந்து மனுக் கொடுத்தவளே சந்தனமாரிதான். மகள் முத்துச்செல்விக்கு ஆறு வயது. ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

சிக்கல் என்னவென்றால், சுரண்டுகிற இடத்தின் நடுவில் அவர்கள் குடும்பத்துச் சுடலைமாடன் பீடம். இசக்கிப்பாண்டிதான் பூசாரி. பீடத்தை வேறு இடத்தில் கட்டிக்கொள்ள இடமும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சாமி சும்மா இடம் மாறிவிடுவாரா? பிடிமண் வேண்டும். சாமி இருக்கிற இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போய்ப் போட்டால்தான் புதுப் பீடத்துக்கு அவர் வருவார்.

"ஒரே ஒரு பிடி தம்பி" என்று முதல் நாளே கேட்டுப் பார்த்தார் இசக்கிப்பாண்டி.

"ஒரு சிட்டிகைகூட வெளிய போகக் கூடாது அண்ணாச்சி. மன்னிச்சிருங்க" என்றுவிட்டார் வேலையை மேற்பார்வையிடும் இன்ஜினியர் நாசர்.

சந்தனமாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் பீடத்து மண்ணைத்தான் பேத்தி நெற்றியில் பூசி, நாக்கிலும் துளி வைப்பார் அப்பா. குலம் தழைக்கவாம். எத்தனை வெள்ளிக்கிழமை! சண்டையில் எது எதையோ சொல்லிவிட்டவள், அதை மட்டும் இன்னும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

அன்றைக்குக் காலையில் சாரல் விட்டதும், கடைசி லோடு போகிறதா என்று பார்க்கப் போனாள். தகரக் கொட்டகை வாசலில் நாசர் நின்றார். அப்பாவின் கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொடுத்தார். அப்பா அவிழ்த்துப் பார்த்தார்.

மண்.

அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லாருக்கு சார்! ரொம்ப நல்லாருக்கு!" என்று நாசரிடம் பாய்ந்தாள் சந்தனமாரி.

"ஏம்மா, ஒரு நிமிஷம் கேளுங்க..."

"நீங்க பேசாதீங்க. செருப்புல ஒட்டுன மண்ணைக் கழுவாம வீட்டுக்குப் போகாதீயன்னு ஊருக்கே பாடம் எடுத்தது யாரு? பெரியவர் நாலு தடவை கெஞ்சுனா உங்க சட்டம் கரைஞ்சிருமோ?"

"ஏட்டி மாரி, சொல்லுததைக் கேளு..."

"உங்களைத்தான் பத்து நாளாக் கேக்கேன். பதில் சொன்னீங்களா? புள்ளையோட ரத்த ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டுனப்ப கல்லு மாதிரி இருந்தீங்க. இப்ப இந்த விஷத்தைக் கண்ணுல ஒத்துதீங்க!"

முடிச்சைப் பிடுங்கினாள். பக்கத்தில் மண் அள்ளும் ஆவுடைத்தாய், கையுறையும் முகமூடியுமாக, வாய் திறந்த வெள்ளை மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சந்தனமாரி அதற்குள் மண்ணைக் கொட்டி, துணியையும் சேர்த்துப் போட்டாள்.

"கட்டுங்கக்கா!"

ஆவுடைத்தாய் கட்டவில்லை. நாசரைப் பார்த்தாள். நாசர் இசக்கிப்பாண்டியைப் பார்த்தார்.

"அதைத் திரும்ப எடுக்க முடியுமா தம்பி?"

"முடியாது அண்ணாச்சி. இதுல விழுந்துட்டா அதுவும் விஷம்தான்."

"காதுல விழுந்துச்சா?" என்றாள் சந்தனமாரி. மூச்சு வாங்கியது. ஜெயித்துவிட்டாள்.

நாசர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். பரிசோதனைக் கூடத்தின் முத்திரை. சோதனைக்கு வந்த மண்ணின் ரிப்போர்ட். கொடுத்தவர் பெயர் இசக்கிப்பாண்டி. ஈயம் என்ற வரியைத் தேடினாள். குழந்தைகள் புழங்கத் தகுந்தது என்று எழுதியிருந்தது.

"இது... எந்த மண்ணு?"

குரல் இறங்கியிருந்தது. மூட்டையின் வாயை ஆவுடைத்தாய் மெதுவாக இழுத்துக் கட்டினாள்.

"பஸ் ஸ்டாப்புக்குப் போறேன்" என்றார் இசக்கிப்பாண்டி.

"எங்கப்பா?"

"வாசுதேவநல்லூருக்கு, இன்னொரு பிடி வாங்க. நம்ம சாமி மொதமொத அங்கன இருந்துதான் பிடிமண்ணா வந்தாரு. போன வாரம் அந்தக் கோயில்ல போய்க் கேட்டு வாங்கியாந்தேன். முடிச்சோட தம்பிகிட்ட டெஸ்ட்டுக்குக் குடுத்தேன். மிச்சம்தான் நீ கொட்டுனது. சுத்தமான மண்ணுன்னு தெரியாம புதுப் பீடத்துல போடக் கூடாதுல்லா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா..."

இசக்கிப்பாண்டி மகளைப் பார்க்கவில்லை. தன் வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படிச் சொல்லுவேன்? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புள்ள நாக்குல விஷத்தை வச்சது இந்தக் கைதானட்டி."