ஒன்பதாயிரம் தண்டம்

மஹதி நீட்டிய கோர்ஸ் நோட்டீஸை மாணிக்கவாசகம் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே குப்பைக் கூடையில் போட்டார்.

"வேணாம்மா. ஒன்பதாயிரம் தண்டம்."

அனந்தராமனின் முகம் மலர்ந்தது. மகளை மயிலாப்பூரிலிருந்து அடையாறு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்ததே இந்த வார்த்தைக்காகத்தான். போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பில்லில் இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தவர் மேனேஜர் மாணிக்கவாசகம். அன்றிலிருந்து அவர் எது சொன்னாலும் சரி.

"கேட்டுக்கோடீ. நான் சொன்னா உனக்கு ஏறலை" என்றார்.

மஹதி லஸ்ஸில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சம்பளம் தொள்ளாயிரம். மூன்று வருஷமாக வக்கீல் அடுத்த மாதம் ஏற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூன்று வருஷமும் அவள் பாங்கில் கட்டியது சேர்ந்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆகியிருந்தது. அதைப் போட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் ஆறு மாத சர்டிபிகேட் வாங்கினால் வக்கீலை விட்டுவிடலாம். போட்ட பணம் வீணாய்ப் போனால், காலமெல்லாம் வக்கீல்தான்.

"முடிச்சா என்ன சார் சம்பளம் வரும்?"

"ஆயிரத்தி அறுநூறு."

அனந்தராமன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். "மாசம் எழுநூறு ஜாஸ்தி. போட்டதை எடுக்கவே பதிமூணு மாசம். அதையே பாங்க்ல போட்டா வருஷத்துக்குத் தொள்ளாயிரம் வட்டி. பணம் தூங்கிண்டே சம்பாதிக்கும்."

"இந்தக் கிளாஸுக்கு மூணு மாடி வேற ஏறணும் சார். லிஃப்ட் கிடையாது. முட்டி போயிடும்" என்றார் மாணிக்கவாசகம்.

"என் முட்டி நன்னாத்தான் இருக்கு" என்றாள் மஹதி. "வேலை கிடைக்குமா, அதைச் சொல்லுங்கோ சார்."

"எங்கம்மா இருக்கு வேலை? இங்கயே எடுத்துக்கோ. இத்தனை பெரிய ஆஸ்பத்திரில அந்தப் படிப்புக்கு ஒரே ஒரு நாற்காலி. அதுலயும் ஒருத்தர் பதினெட்டு வருஷமா உட்கார்ந்திருக்கார்."

"அவர் இதைப் படிச்சிருக்காரா?"

"அந்தக் காலத்துல யாரு படிச்சா? இப்ப டிரஸ்ட்ல புதுசா ஒருத்தர் வந்து ரூல் போட்டிருக்கார். வர்ற மார்ச்சுக்குள்ள சர்டிபிகேட் காட்டலைன்னா நாற்காலியைக் காலி பண்ணணுமாம்."

"பாவம்" என்றார் அனந்தராமன். "அந்த மனுஷன் என்ன பண்ணுவார்?"

"என்னமோ பண்ணுவார். நமக்கு எதுக்கு சார்?"

ஒன்பதாயிரம் மிச்சமான சந்தோஷத்தில் அனந்தராமன் திரும்பும்போது ஆட்டோ வைத்தார். வழியெல்லாம் மாணிக்கவாசகத்தின் நல்ல மனசைப் பற்றியே பேசினார். அப்பாவின் டிக்கெட்டை வாங்கி, மிச்சமிருந்த இடத்தில் மஹதியும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்காலி ஒன்று. அதில் சர்டிபிகேட் இல்லாத ஆள் ஒன்று. மார்ச்சில் ஆளைக் கழித்தால், மீதி ஒரு நாற்காலி.

திங்கட்கிழமை பாங்கில் பணத்தை எடுத்தாள். வக்கீல் ஆபீஸில் இனிமேல் தினமும் ஓவர்டைம் என்று வீட்டில் சொன்னாள். "அவன் காசு தரமாட்டானே" என்று மட்டும் அனந்தராமன் கவலைப்பட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பாண்டி பஜார். மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது.

வகுப்பில் எல்லாரும் அவள் வயசுப் பிள்ளைகள், பெண்கள். முதல் பெஞ்சில் மட்டும் இடம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பெரியவர் குனிந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மஹதி உட்கார்ந்தாள். புது நோட்டைப் பிரித்துத் தன் பெயரை எழுதினாள்.

பெரியவர் நிமிர்ந்தார். பெயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தைல பாட்டிலை மெதுவாக மூடினார்.

"வேணாம்னு அவ்வளவு சொன்னேனேம்மா" என்றார் மாணிக்கவாசகம். "அது என் நாற்காலி."