வாசலில் வேட்பாளர்

"டிவியை நிறுத்துங்க, ஓட்டு கேட்டு வந்துட்டாங்க" என்று மனைவி கிசுகிசுத்ததும், கணவர் ஃபேனையும் சேர்த்து நிறுத்திவிட்டுக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் குந்திக்கொண்டார்.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"யாரு, ஆளுங்கட்சியா?"

மனைவி ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். "அவங்களேதான். வேட்பாளரே கும்பிட்ட கையோட நிக்கிறாரு. பாவமா இருக்குங்க, திறந்துடட்டுமா?"

"உனக்கென்ன பைத்தியமா? குழாயில காத்து வருது, ரோட்டுல சாக்கடை ஓடுது. இருபத்தஞ்சு வருஷமா ஆண்டு இதைத்தானே கிழிச்சாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றாங்க?"

"மெதுவா பேசுங்க. தெருவுல ஒரு வீட்டுலயும் கதவைத் திறக்கலை போல."

"எப்படித் திறப்பாங்க? எல்லாருக்கும் சூடு சொரணை இருக்குல்ல."

மறுபடியும் தட்டினார்கள். கணவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையிலிருந்த போன் அலறியது. ஆளுங்கட்சியின் பிரசாரப் பாட்டு, வீடே அதிரும்படி.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கட்சிக்குக் கிளைச் செயலாளர்னா போன்லகூடவா அந்தப் பாட்டை வைக்கணும்? கூப்பிடறதே வாசல்ல நிக்கிற வேட்பாளர்தான். போங்க, போய் பதில் சொல்லுங்க."

பதவி போனது என்றே நினைத்துக்கொண்டு கிளைச் செயலாளர் கதவருகே போனார். "அண்ணே, நாலு நாளா காய்ச்சல்ண்ணே..." என்று இழுத்தார்.

வெளியே வேட்பாளரின் குரல் கெஞ்சியது.

"காய்ச்சல் கிடக்கட்டும்யா, முதல்ல கதவைத் திற. இப்பதான் எல்லா வீட்டுக் கதவும் திறக்குது. அத்தனை பேரும் காலி வாளியோட என்னைத் தேடி வர்றாங்க. நானும் உள்ள வந்து உன்கூட ஒளிஞ்சுக்கறேன்."