செலினுக்கு ஒரு சுரம்

"சின்ன வயசுலேருந்து தனியாப் பாடுன அக்கா, மாஸ்டர். அவங்களுக்கு ஒரே ஒரு சுரமா?"

கீரனூர் மாதா கோயிலின் பாடகர் குழுவில் பெர்னத் மட்டும்தான் வாய்விட்டுக் கேட்டாள். திருவிழாப் பூசைக்கு மாஸ்டர் இன்னாசிமுத்து புதிதாக இசையமைத்த பாடல்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. அவர் மனைவி செலின் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும்.

"அந்தக் காலத்துல மடத்துச் சாமியாருங்க இப்புடித்தான் பாடுவாங்களாம்."

"அந்தச் சுரத்தைக் கீபோர்டுல அமுக்கிக்கிட்டா, அக்கா பாட்டைப் பாடுவாங்கல்ல? வீட்டுச் சண்டையைக் கோயிலுக்குக் கொண்டாராதீங்க மாஸ்டர்."

"கீபோர்டு வேணாம். மனுசக் குரல்லதான் நிக்கணும்."

பெர்னத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செலின் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள். வாசலைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தைராய்டு ஆபரேசனுக்கு அப்புறம் பேச்சு வந்துருச்சு, பாட்டு வரலம்மா. மிஞ்சுனது அந்த ஒரு சுரம்தான். அதுக்காகத்தான் இத்தனையும் எழுதுனேன்."

செலின் திரும்பி வந்ததும் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' தொடங்கியது. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். மற்றவர்களின் குரல்கள் தடுமாறின. இன்னாசிமுத்துவின் விரல் தன்னையறியாமல் கீபோர்டில் அந்தச் சுரத்தை அமுக்கியது.

அவள் பார்த்ததும் விரலை எடுத்துக்கொண்டார்.

செலின் அருகில் வந்து, அந்த விரலைப் பிடித்து அதே கட்டையில் வைத்தாள்.

"எடுக்காதீங்க. பிள்ளைக சுதி விட்டுரும்" என்று சொல்லிவிட்டு, சனங்கள் உட்காரும் பக்கம் போய் உட்கார்ந்தாள்.