வீட்டு வெண்ணெய்

செய்முறைத் தேர்வில் வேதியியல் ஆசிரியர் மூன்றாவது முறையாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

"காகிதத்துல வெண்ணெயைத் தேய்ச்சா எண்ணெய்க்கறை நிக்கணும். கறை எங்கேம்மா?"

"காய வெச்சும் பார்த்துட்டேன் சார். நிக்கவே இல்லை."

"வெண்ணெயில கொழுப்பு இல்லாமப் போயிடுமா? காலையில நானே ரொட்டியில தடவிச் சாப்பிட்டுட்டு, அதே டப்பாவுலேருந்து கொண்டுவந்தது. உனக்குச் சுழியம்தான்!"

மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்க்கட்டுமா சார்? மாவா இருந்தா நீலமாயிடும்."

"மாவாமே! விடு, அந்த அதிசயத்தையும் பார்த்துடுவோம்."

வெண்ணெய் கருநீலமானது. ஆசிரியர் உடனே வீட்டுக்குத் தொலைபேசினார்.

"அந்த டப்பாவுல என்ன இருக்கு?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" மனைவி சிரித்தாள். "டாக்டர் வெண்ணெயே கூடாதுன்னாரு. நீங்க கேட்டாத்தானே? ஆறு மாசமா சோளமாவைத்தான் உப்புப் போட்டுக் கிண்டி வெக்கிறேன். 'கடை வெண்ணெயில இந்த ருசி வருமா'ன்னு சப்புக்கொட்டுறீங்களே!"

ஆசிரியர் தொலைபேசியை வைத்துவிட்டு, மாணவியின் தாளில் முழு மதிப்பெண் இட்டார்.

"உன் சோதனையில தப்பில்லைம்மா. தப்பெல்லாம் என் நாக்குலதான்."