கொட்டகையில் கூகை

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு மலைச்சரிவில் காலை மழை தூறிக்கொண்டிருக்கிறது. கூரை சரிந்த பழைய வைக்கோல் கொட்டகையின் முன்னால் பொக்லைன் தூக்கிய கையோடு அப்படியே நிற்கிறது. நிறைமாதமான ரொவீனா இடுப்பில் கையூன்றி வாசலில் நிற்கிறாள். உள்ளே, உத்தரத்து இருட்டிலிருந்து யாரோ குறட்டை விடுவதுபோல ஒரு சீறல். இடிக்குமுன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்த பறவை ஆய்வாளர் மார்கோ டார்ச்சைத் தாழ்த்துகிறாள். “கூகைக் குஞ்சுங்க,” என்று கிசுகிசுக்கிறாள். “பறந்து போற வரைக்கும் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது. சட்டம்.” “போன வருஷம் ஒண்ணுமே இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்கிறாள் ரொவீனா. “அப்போ கூரையில இந்த ஓட்டை இல்லையேம்மா.” ரொவீனாவின் கணவன் ரூபர்ட் தன் சேறு படிந்த பூட்ஸைப் பார்க்கிறான். சூரியத்தகடும் ஆட்டுரோமம் அடைத்த சுவருமாக இதே இடத்தில் எழப்போகும் வீட்டுக்கு உள்ளளவு எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று, கூரையின் அந்தத் தகரத்தைக் கழற்றிப் போட்டவன் அவன்தான். பொக்லைன் ஓட்டும் டெஸ் சாவியை உருவிக்கொள்கிறான். “இயற்கையோட சேர்ந்து வாழப்போறோம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே சார், அது உங்களுக்கு முன்னாடியே குடிவந்துடுச்சு.” ஓட்டை வழியாக ஒரு வெள்ளை முகம் அலகில் எலியோடு சத்தமில்லாமல் இறங்குகிறது. சீறல் உச்சத்துக்குப் போகிறது. வீடு எழும்வரை அவர்கள் குடியிருக்கும், மேட்டில் நிற்கும் ஒழுகுகிற கேரவனை ரொவீனா திரும்பிப் பார்க்கிறாள். “அப்போ என் குழந்தை அதுலயா…” குரல் உயரும்போதே மார்கோ உதட்டில் விரல் வைக்கிறாள். ரொவீனா வாயைப் பொத்திக்கொள்கிறாள். அழுவதானாலும் கேரவனுக்குப் போய்த்தான் அழவேண்டும். இது இப்போது பிள்ளை பெற்றவள் இருக்கிற வீடு.