சூட்டுக்கு வந்த பாம்பு

மூன்று ராத்திரியாகத் தேடியும் அகப்படாத பாம்பு கடைசியில் வந்தபோது, லிங்கதுரை அதன்மேல் ஜீப்பை ஏற்றிவிட்டான். பாம்பின்மேல் குற்றமில்லை. செம்மணல் மேடான தேரிக்காட்டுத் தார்ச்சாலை பகல் வெயிலை நடுச்சாமம்வரை வைத்திருக்கும்; அந்தச் சூட்டுக்கு வந்து படுத்திருந்தது. அவன்தான் சாலையைப் பார்க்காமல், பக்கத்து இருக்கையில் மனைவியின் மடியில் மினுங்கிய செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயக்கொடி கல்லூரி ஆய்வுக்காகப் பாம்புகளை எண்ணுகிறாள். கட்டிய பெண்டாட்டி தினமும் இருட்டில் கிளம்பிப் போவது பாம்புக்காகத்தான் என்றால் எந்தப் புருஷன் நம்புவான்? அவள் தலைசீவிக் கிளம்பினாலும் சந்தேகம், சீவாமல் கிளம்பினாலும் சந்தேகம். "துணைக்கு வாரேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான், பல்லியைக் கண்டாலே கட்டிலில் ஏறுகிறவன்.

அவள் இறங்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நசுங்கிய சுருட்டைவிரியனை டேப்பால் அளந்தாள். நோட்டில் நீளத்தை எழுதினாள். இறந்த காரணத்தை எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. திட்டியிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"போன்ல யாரு?" என்றான், காலை ஜீப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு.

அவள் டார்ச்சைக் கையில் எடுத்தாள். "காலேஜ் சாரு. இன்னைக்காவது ஒண்ணு கெடச்சுதான்னு கேக்காரு."

"நெசத்தச் சொல்லு, ஜெயா. இங்க எதுக்கு வார?"

வெளிச்சம் அவன் முகத்துக்குத் திரும்பியது.

"நான் பாம்புக்குத்தான் வாரேன். நீங்கதான் வேற எதுக்கோ வந்திருக்கிய."