பத்துப் படிக்கு ஒரு தூண்

"அங்கிள், கொஞ்சம் வழி விடுறீங்களா? பன்னிரண்டு மணிக்குக் கோயில் நடை சாத்திடுவாங்க."

அவர் அசையவில்லை. தூணில் விரல் வைத்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"கேளு செல்லம். 'இந்தத் தூணு காளியம்மா உபயம். பால்மரம் வெட்டுற வேலை. பிள்ளைங்க ஏழு.' அலமாக், ஏழாம்!"

செல்லம் ஆன்ட்டி தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அங்கிளின் விரல்தான் எழுத்தின் மேல் இருந்தது. கண் முழுக்க மனைவி மேல். பெண்டாட்டியிடம் பெருமையடிக்கிறாராம்!

மலேசியாவில் பெக்கான் நானாஸ் ஊர்ப் பக்கம், குன்றின் மேல் முருகன் கோயில். அடிவாரத்திலிருந்து உச்சிவரை படிகளுக்குக் கூரை போட்டு, பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்து ஜனங்கள் அந்தக் காலத்தில் கட்டிய பாதை. பத்துப் படிக்கு ஒரு தூண். ஒருவர் நின்றால் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டிய குறுகல். இவரோ ஒரு தூண்கூட விடவில்லை.

ஆறாவது தூணில் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன்.

"அங்கிள், இதுல காளியம்மாவும் இல்ல, ஏழு பிள்ளையும் இல்ல. 'வெற்றிலை எச்சில் துப்பாதீர்'னு போட்டிருக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

"நான் மலாய்ப் பள்ளியில படிச்சவன்மா. தமிழ் வாசிக்க வராது."

"அப்ப எதுக்கு வாசிக்கிற மாதிரி நடிப்பு? நம்ம ஆளுங்க எழுதி வச்சதை நமக்கே படிக்கத் தெரியலன்னா வெக்கமில்லையா? இதுல கதை வேற கட்டுறீங்க! நான் யூனிவர்சிட்டில தமிழ்தான் படிக்கிறேன். எல்லாத் தூணையும் நானே படிச்சுச் சொல்றேன். நீங்க நடந்துகிட்டே கேளுங்க. சரியா?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"நடங்க. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் செல்லம் ஆன்ட்டி.

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஏழாவது தூணில் நிற்கவில்லை. எட்டாவதிலும் நிற்கவில்லை. ஜெயித்துவிட்ட மிதப்பில் நானும் படித்துக்கொண்டே ஏறினேன்.

ஒன்பதாவது தூணை செல்லம் ஆன்ட்டி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. மூச்சு இரைத்தது.

அங்கிள் பதறி இறங்கி வந்து, மனைவியைப் படியில் உட்கார வைத்தார். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

"திரும்பிடலாம் செல்லம்."

"நான் முடியலன்னு சொன்னேனா?"

"சொல்லல. ஆனா இனிமே பாக்காத மாதிரி இருக்க என்னால முடியாது."

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை.

"திங்கக்கிழமை நெஞ்சுல ஆபரேஷன்மா. அதுக்கு முன்னால முருகனை ஒரு தடவை பாத்துடணும்னு அடம் பிடிச்சேன். மூச்சு வாங்கினா பாதியிலயே திரும்பிடணும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாரு. அதான் நான் வாயத் திறக்கல. இவரும் கேக்கல. தூணுக்குத் தூணு நின்னு கதை சொல்லிகிட்டே வந்தாரு."

"ஆன்ட்டி, மெதுவாவே போலாம். நான் வேணும்னா ஒவ்வொண்ணா நின்னு..."

"வேணாம்மா" என்றார் அங்கிள். "உனக்கு நேரமாகுது. நீ போ."

ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கினார்கள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

உச்சிக்கு இன்னும் மூன்றே தூண்கள்தான். நான் ஏறிய அடுத்த தூணில் எழுத்தே இல்லை, வெறும் சுண்ணாம்பு. அங்கிள் வந்திருந்தால் அதிலும் நாலு பேரைப் படித்துச் சொல்லியிருப்பார்.